பாலைவனத்து ஐஸ் ஹாக்கி: டூசானும் டெம்பியும் மோதும் ஆட்டத்தை ரசிகர்கள் எப்படித் தாங்கிப்பிடிக்கிறார்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அக்டோபர் தொடக்கத்திலும் பகல் வெயில் 30 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் காரை நிறுத்திவிட்டு, கையில் ஜாக்கெட்டோடு ஒரு கூட்டம் டூசான் கன்வென்ஷன் சென்டருக்குள் போகிறது என்றால் அன்று ஐஸ் ஹாக்கி நடக்கிறது என்று அர்த்தம். எதிரணி டெம்பியிலிருந்து வந்திருந்தால் கூட்டமும் சத்தமும் இன்னும் கூடும். டூசானில் இருக்கும் அரிசோனா பல்கலைக்கழகமும் டெம்பியில் இருக்கும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் எந்த விளையாட்டில் மோதினாலும் அனல் பறக்கும். ஆனால் இங்கே மோதுவது கிளப் அணிகள். இந்த அணிகள் ஓடும் பணத்தில் நல்ல பங்கு, நுழைவாயிலில் டிக்கெட் வாங்குகிறவர் கையிலிருந்து நேரடியாக வருகிறது. தொலைக்காட்சி உரிமைப் பணம் என்று எதுவும் கிடையாது. அதனால் இந்த மோதலைப் புரிந்துகொள்ள மைதானத்தை மட்டும் பார்த்தால் போதாது, கேலரியையும் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பெரும் பணமும் விளையாட்டு உதவித்தொகையும் புழங்குவது என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கீழ்தான். ஆண்கள் ஐஸ் ஹாக்கியில் அதன் முதல் பிரிவில் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட அணிகளே இருக்கின்றன. கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் செலவழிக்கத் தயங்காத பல பெரிய பல்கலைக்கழகங்கள்கூட ஹாக்கிப் பக்கம் வருவதில்லை. சொந்த அரங்கம், ஆண்டு முழுக்க ஓடும் குளிரூட்டும் இயந்திரங்கள், சமநிலைக்காகப் பெண்கள் பிரிவிலும் செய்ய வேண்டிய செலவு என்று கணக்கு நீண்டுவிடும். ஆனால் ஹாக்கி ஆடத் தெரிந்த மாணவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காக 1991-ல் உருவானது அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிச் சங்கம், சுருக்கமாக ஏ.சி.எச்.ஏ. இன்று ஆண்கள், பெண்கள் பிரிவுகளைச் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட அணிகள் அதில் ஆடுகின்றன.

கிளப் என்றதும் மாலை வேளையில் பொழுதுபோக்காகக் கூடி ஆடுவது என்று நினைத்துவிடக் கூடாது. ஏ.சி.எச்.ஏ. முதல் பிரிவில் ஆடுகிற பலர் பள்ளி முடித்ததும் ஜூனியர் லீகுகளில் ஓரிரு ஆண்டு ஆடிவிட்டு, 20, 21 வயதில் கல்லூரிக்குள் நுழைகிறவர்கள். வேகமும் உடல் மோதலும் புதிதாகப் பார்ப்பவரை அசர வைக்கும். வேறுபாடு பணத்தில்தான். இங்கே பெரும்பாலும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. ஆடுகிற மாணவரே சீசனுக்குச் சில ஆயிரம் டாலர் சந்தா கட்டி ஆடுகிறார். ஸ்கேட், ஸ்டிக், தலைக்கவசம் வாங்கும் செலவு பெரும்பாலும் அவர் தலையில். கோல்கீப்பரின் உடுப்பு முழுவதையும் புதிதாக வாங்கினால் அதுவே பல ஆயிரம் டாலர் ஆகிவிடும்.

இதில்தான் பகை ஆட்டத்தின் பொருளாதாரம் ஒளிந்திருக்கிறது. அரிசோனா அணி கொலராடோவுக்கோ யூட்டாவுக்கோ ஆடப் போனால் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள், பயிற்சியாளர்கள், ஆளுக்கொரு பெரிய கிட்பை, விமானமோ நீண்ட பேருந்துப் பயணமோ, இரண்டு மூன்று இரவு விடுதி என்று ஆகும். டூசானிலிருந்து டெம்பிக்கு நெடுஞ்சாலையில் சுமார் 170 கிலோமீட்டர்தான். மதியம் பேருந்தில் ஏறி, ஆடி முடித்து, அன்று இரவே வீடு திரும்பிவிடலாம். எதிரணியின் ரசிகர்களும் அதே தூரத்தைக் காரில் கடந்து வந்து டிக்கெட் வாங்குவார்கள். அணிக்கு மிகக் குறைவாகச் செலவு வைக்கும் எதிராளிதான் மிக அதிகமாகக் கூட்டத்தையும் கூட்டுகிறார். அட்டவணை போடுகிறவர்கள் இந்த ஆட்டங்களை முதலில் குறித்துக்கொண்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

டிக்கெட் மட்டுமல்ல. இடைவேளையில் நடக்கும் 'சக்-எ-பக்' என்ற சிறு போட்டியில் ரசிகர்கள் எண் போட்ட ஃபோம் பக்குகளை (பக் என்பது ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் அடிக்கும் வட்டத் தட்டு) காசு கொடுத்து வாங்கி, பனியின் நடுவிலிருக்கும் இலக்கை நோக்கி வீசுவார்கள். மிக அருகில் விழுந்தவருக்குப் பரிசு, மிச்சப் பணம் அணிக்கு. 'ஃபிஃப்டி-ஃபிஃப்டி' குலுக்கலில் சேர்ந்த தொகையில் பாதி வென்றவருக்கு, பாதி கிளப்புக்கு. கூட்டம் குறைவான ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையில் இவற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. அரங்கம் நிறைந்த இரவில் இந்தச் சில்லறைதான் அடுத்த வாரப் பயிற்சிக்கான பனியின் வாடகையைக் கட்டும். அமெரிக்காவில் பனி மைதான வாடகை மணிக்குச் சில நூறு டாலர் என்பதை நினைவில் வைத்தால் ஒவ்வொரு ஃபோம் பக்குக்கும் மதிப்பு புரியும்.

பகை எங்கிருந்து வந்தது

இங்கே ஹாக்கி வருவதற்கு வெகு முன்பே இந்த இரண்டு ஊர்களுக்கும் ஆகாது. 1885-ல் அரிசோனா இன்னும் மாநிலமாகக்கூட ஆகவில்லை. அந்த ஆண்டுச் சட்டமன்றம் டூசானுக்குப் பல்கலைக்கழகத்தையும் டெம்பிக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியையும் ஒதுக்கியது. டூசான்காரர்கள் கேட்டது தலைநகர் அந்தஸ்தை. பல்கலைக்கழகம் கிடைத்த செய்தியோடு ஊர் திரும்பிய உறுப்பினர் மீது முட்டையும் அழுகிய காய்கறியும் பறந்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள். 1899-ல் டெம்பி பயிற்சிப் பள்ளி அமெரிக்கக் கால்பந்தில் 11-2 என்று டூசானை வென்றது. அதற்காகக் கொடுக்கப்பட்ட டெரிட்டோரியல் கோப்பைக்காக இரு பல்கலைக்கழகங்களும் இன்றுவரை மோதுகின்றன.

உண்மையான கசப்பு வந்தது 1958-ல். டெம்பி கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்தலாமா என்று மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடந்தது, தீர்மானத்தின் எண் 200. மாநிலத்தின் ஒரே பல்கலைக்கழகம் என்ற இடத்தில் இருந்த டூசான் தரப்பு எதிர்த்தது. வாக்கெடுப்புக்கு முன் டெம்பியின் கால்பந்து மைதானப் புல்லில் 'நோ 200' என்ற எழுத்துகளை யாரோ எரித்துப் பதித்துவிட்டுப் போனார்கள். தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் வென்றது. இரண்டு ஊர்களிலும் குன்றின் மேல் பெரிய 'ஏ' எழுத்து இருக்கிறது. மற்ற ஊர் எழுத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தன் வண்ணத்தைப் பூசுவது மாணவர்களின் பழைய விளையாட்டு.

இந்தப் பழைய கணக்கு ஹாக்கி அரங்கத்துக்குள் அப்படியே இறங்கியது. 1979-ல் லியோ கோலம்பியூஸ்கி டூசானில் ஐஸ்கேட்ஸ் என்ற பெயரில் மாணவர் அணியைத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பயிற்சியாளராக நடத்தினார். பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பணம் இல்லாமல், ஊர் மக்களை டிக்கெட் வாங்க வைத்தே வளர்ந்த அணி அது. ஏ.சி.எச்.ஏ. பிறப்பதற்கு முன்பே, 1985-ல் கிளப் அணிகளின் தேசியப் பட்டத்தை வென்றது. மாணவர்களைவிட ஊர்க் குடும்பங்கள் அதிகமாக உட்கார்ந்து பார்த்த கல்லூரி ஹாக்கி என்ற பெயர் டூசானுக்கு அந்தக் காலத்திலிருந்தே உண்டு. 2011-க்குப் பின் அணி வைல்ட்கேட்ஸ் என்ற பல்கலைக்கழகப் பெயரிலேயே ஆடுகிறது.

டெம்பி வேறு பாதையில் போனது. கிரெக் பவர்ஸ் பயிற்சியில் அரிசோனா மாநில அணி 2014-ல் ஏ.சி.எச்.ஏ. முதல் பிரிவுப் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு நவம்பரில், 3 கோடி டாலருக்கும் மேற்பட்ட நன்கொடை கைக்கு வந்ததும், என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவுக்கு மாறுவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. 2015-16 சீசன் இடைக்காலம்: ஒரு வாரம் என்.சி.ஏ.ஏ. அணி, மறுவாரம் கிளப் அணி என்று கலந்து ஆடினார்கள். 2022-ல் சுமார் 5,000 இருக்கைகளோடு மல்லெட் அரங்கம் திறந்தது. சொந்த அரங்கம் இல்லாமல் தவித்த, வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் அணியான அரிசோனா கயோட்டீஸ்கூட இரண்டு சீசன் அங்கே குடியிருந்து ஆடிவிட்டு, 2024-ல் யூட்டாவுக்கு இடம்பெயர்ந்தது.

ரசிகர்கள் கூட்டம் கூடினால் அணி வளரும். வளர்ந்த அணி மேல் பிரிவுக்குப் போகும். போனதும், அது வரை உயிரைக் கொடுத்து மோதிய பக்கத்து ஊர் அணி கீழேயே நின்றுவிடும். பென்சில்வேனியாவில் இதுதான் நடந்தது. பென் ஸ்டேட் ஐசர்ஸும் ஒஹையோ பல்கலைக்கழக பாப்கேட்ஸும் ஏ.சி.எச்.ஏ.வின் பெரும் எதிரிகள். 1995 முதல் 1997 வரை மூன்று பட்டங்களும் ஒஹையோவுக்கு, 2000 முதல் 2003 வரை நான்கும் பென் ஸ்டேட்டுக்கு, 2004-ல் மறுபடி ஒஹையோவுக்கு. 2010-ல் தொழிலதிபர் டெரி பெகுலா 8.8 கோடி டாலர் நன்கொடை அறிவித்தார், 2012-ல் பென் ஸ்டேட் என்.சி.ஏ.ஏ.வுக்குப் போனது, 2013-ல் சுமார் 6,000 பேர் உட்காரும் அரங்கம் திறந்தது. ஒஹையோ கிளப் ஹாக்கியிலேயே தங்கிவிட்டது. அந்த அளவு சூடேறிய ஒரு மோதல் அட்டவணையிலிருந்து காணாமல் போனது பெரிய இழப்பு.

டெம்பி செய்த நல்ல காரியம், என்.சி.ஏ.ஏ. அணி வந்த பிறகும் ஏ.சி.எச்.ஏ. அணியைக் கலைக்காமல் வைத்திருந்தது. அதனால்தான் டூசானோடு மோதல் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதில் ரசிகர் தவறு செய்ய ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஒரே பெயர், ஒரே மரூன்-தங்க நிறம், ஆனால் வெவ்வேறு ஆண்கள் அணிகள். வலைத்தளத்தில் 'அரிசோனா ஸ்டேட் ஹாக்கி' என்று தேடினால் முதலில் வருவது என்.சி.ஏ.ஏ. அணியின் டிக்கெட். விலையும் அதிகம், எதிரணியும் டூசான் அல்ல. 'ஏ.சி.எச்.ஏ.' என்று சேர்த்துத் தேட வேண்டும். எந்த அரங்கம் என்பதையும் ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளப் அணிகளுக்குப் பனி நேரம் கிடைப்பதைப் பொறுத்து இடமும் நேரமும் மாறும். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களும் உண்டு. டெம்பியில் படிக்க வந்திருக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: மாணவர் அட்டைக்குச் சலுகை உண்டா என்று வாங்கும் முன்பே பாருங்கள், வாசலில் போய்க் கேட்டால் வரிசை நகராது.

எதைப் பார்க்க வேண்டும்

தலா 20 நிமிடம் கொண்ட மூன்று பீரியட். ஒரு பக்கத்தில் ஐந்து பேரும் கோல்கீப்பரும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சுமார் 45 விநாடிக்கு ஒருமுறை, களைத்தவர் பெஞ்சுக்கு வந்து புதியவர் தாவிக் குதிப்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் பக்கை மட்டும் கண்ணால் துரத்திக் களைத்துப்போவார்கள். பெஞ்சைப் பாருங்கள், ஆட்டம் அங்கேதான் திரும்பும்.

முதல், மூன்றாம் பீரியடில் வழக்கமாக ஒவ்வொரு அணியும் தன் பெஞ்சுக்குப் பக்கத்திலிருக்கும் கோலைக் காக்கும். இரண்டாவது பீரியடில் பக்கம் மாறுவதால் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குப் பெஞ்ச் தூரமாகிவிடும். இதை 'லாங் சேஞ்ச்' என்பார்கள். எதிரணி உள்ளே புகுந்து பக்கை விடாமல் சுற்றவிட்டால், களைத்த ஐந்து பேரும் ஆள் மாற்ற முடியாமல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று மாட்டிக்கொள்வார்கள். காலை நகர்த்த முடியாமல் ஸ்டிக்கை முழங்காலில் ஊன்றி நிற்பது கேலரியிலிருந்தே தெரியும். இரண்டாவது பீரியடில் கோல் அதிகம் விழுவதற்கு இது முக்கியக் காரணம். தேர்ந்த ரசிகர் கூட்டம் தன் சத்தத்தை இதற்காகச் சேமித்து வைக்கும்: வெளியூர் அணி மாட்டிக்கொண்ட அந்த நொடியில் அரங்கம் அதிர்ந்தால், தற்காப்பு வீரர்கள் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லும் எச்சரிக்கை காதில் விழாது. பக்கைத் தப்பாக அடித்து வெளியேற்றுவார்கள்.

தவறு செய்தவர் பெனால்டி பாக்ஸுக்குப் போனால் சிறு குற்றத்துக்கு இரண்டு நிமிடம், பெருங்குற்றத்துக்கு ஐந்து நிமிடம் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். எதிரணிக்கு அது பவர் பிளே. கிரிக்கெட்டில் சொல்கிற பவர் பிளேயோடு இதைச் சேர்க்க வேண்டாம், இங்கே உண்மையிலேயே ஓர் ஆள் குறைவு. இரண்டு நிமிடத் தண்டனையில் கோல் விழுந்தால் பாக்ஸிலிருப்பவர் உடனே வெளியே வரலாம். ஐந்து நிமிடத் தண்டனையில் எத்தனை கோல் விழுந்தாலும் முழு நேரமும் உட்கார வேண்டியதுதான். பகை ஆட்டங்கள் பெரும்பாலும் தீர்மானமாவது இங்கேதான். பழிதீர்க்கும் ஆவேசத்தில், விசில் ஊதிய பிறகு ஒரு குத்து விடுகிற வீரரைவிட அணிக்கு அதிகக் கேடு செய்பவர் கிடையாது.

சண்டை விஷயத்தில் கல்லூரி ஹாக்கி தொழில்முறை ஹாக்கி போல அல்ல. என்.எச்.எல்.லில் கையுறையைக் கழற்றிவிட்டுச் சண்டை போட்டவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். கல்லூரியில் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம், அடுத்த ஆட்டத்துக்கும் தடை. இந்த மோதல்கள் வெள்ளி, சனி என்று அடுத்தடுத்த இரவுகளில் நடப்பதால் அடுத்த ஆட்டம் என்பது அதே எதிரியோடு, மறுநாளே. வெள்ளிக்கிழமை கேலரி கைதட்டி ரசித்த சண்டை, சனிக்கிழமை முதல் வரிசை ஆட்டக்காரரைப் பறித்துவிடும். 'அடி, அடி' என்று கத்துகிற கூட்டம் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

அரங்கம், பனி, இருக்கை

மைதானம் 200 அடி நீளம், 85 அடி அகலம். கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புக்கரைசலோ கிளைகாலோ ஓடும். அதன் மேல் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத்தான் பனி. மேற்பரப்பு சுமார் மைனஸ் 5 டிகிரி. பாலைவனத்தில் பனியா என்று வியப்பவர்களுக்கு ஒரு செய்தி: வறண்ட காற்று பனிக்கு நல்லதுதான். ஈரக்காற்று உள்ள ஊர்களில் பனியின் மேல் மூடுபனி கட்டி, மேற்பரப்பு சொரசொரப்பாகும். டூசானில் அந்தத் தொல்லை குறைவு. சிக்கல் கூட்டத்தால் வரும். உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை விடும். 4,000 பேர் என்றால் 400 கிலோவாட், அதோடு மூச்சின் ஈரம், வெயிலுக்குத் திறந்து திறந்து மூடும் கதவுகள். குளிரூட்டும் இயந்திரம் அதற்கு ஈடுகொடுக்கத் திணறினால் மூன்றாவது பீரியடில் பனி இளகும். பக் வழுக்குவதற்குப் பதில் துள்ளும். நீண்ட பாஸ்கள் பிசகும். வேகத்தை நம்பும் அணிக்கு அது நட்டம், தற்காத்து நிற்கும் அணிக்கு லாபம். நிறைந்த அரங்கில் ஒரு கோல் முன்னிலையோடு மூன்றாவது பீரியடுக்குள் நுழைவது அதனால் இன்னும் மதிப்பு கூடியது.

இடைவேளையில் ஓடும் சாம்போனி வண்டி பனியின் மேல் படலத்தைச் சீவி எடுத்து, கீறல்களைக் கழுவி, சுமார் 60 டிகிரி வெந்நீரை மெல்லிய படலமாகப் பரப்பும். வெந்நீர் பழைய பனியின் மேல் பகுதியை லேசாக உருக்கி அதோடு ஒட்டி உறையும், காற்றுக் குமிழும் குறைவு. அந்தப் படலம் இறுக நேரம் வேண்டும். சக்-எ-பக் இழுத்துக்கொண்டே போய் வண்டி தாமதமாக இறங்கினால், பீரியட் தொடங்கும்போது பனி ஈரமாகவே இருக்கும். முதல் இரண்டு நிமிடம் பக் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாக ஊரும். ஃபோம் பக்குகளை வீசி முடித்ததும் தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் பொறுக்குவது இந்த அவசரத்தில்தான்.

பக் என்பது 170 கிராம் கெட்டி ரப்பர், கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே கனம். துள்ளாமல் இருக்க உறைய வைத்துத்தான் மைதானத்துக்குக் கொண்டுவருவார்கள். நல்ல ஷாட் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். 2002 மார்ச்சில் ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் என்.எச்.எல். ஆட்டம் பார்க்க வந்த 13 வயதுச் சிறுமி பக் பட்டு இறந்தாள். அடுத்த சீசனிலிருந்து கோல்களுக்குப் பின்னால் வலை கட்டுவதை என்.எச்.எல். கட்டாயமாக்கியது. மற்ற அரங்குகளும் அதைப் பின்பற்றின. ஆனால் பக்கவாட்டு இருக்கைகளுக்கு மேல் வலை இருக்காது. அங்கே உட்கார்ந்தால் ஆட்டம் ஓடும்போது போனில் தலையைக் குனியாதீர்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் வலைக்குப் பின்னால் உட்காருவதே சரி.

கண்ணாடியை ஒட்டிய முதல் வரிசைதான் சிறந்தது என்பது பலரின் நினைப்பு. மோதல்களை முகத்துக்கு நேரே பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் மைதானத்தின் மறுபாதியில் நடப்பது ஒன்றும் தெரியாது. பத்து வரிசை மேலே, மூலைப் பக்கமாக உட்கார்ந்தால் பாஸ் திறக்கும் வழிகள் விரிந்து தெரியும். கத்துவதற்கென்றே வருகிறவர்களுக்கு ஒரே இடம்தான்: முதல், மூன்றாம் பீரியடில் வெளியூர் கோல்கீப்பர் நிற்கும் கோலுக்குப் பின்புறம். 40 நிமிடம் அவர் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். கோல் விழுந்ததும் எல்லோரும் அவரை விரல் நீட்டிக் காட்டி 'சீவ், சீவ்' என்று சல்லடையாக்கிக் கத்துவது கல்லூரி ஹாக்கி முழுக்க உள்ள பழக்கம். நிறத்தையும் கொஞ்சம் யோசித்து அணியுங்கள். டூசானின் கார்டினல் சிவப்பும் டெம்பியின் மரூனும் அரங்க விளக்கில் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும். டூசான் ரசிகர் நீலத்திலும் டெம்பி ரசிகர் தங்க நிறத்திலும் வந்தால் குழப்பமே இல்லை. பல அரங்குகளில் கேலரியின் வெப்பநிலை 10 முதல் 15 டிகிரிக்குள் இருக்கும். உலோகப் பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்காரக் கெட்டியான கால்சட்டையும் காலுறையும் வேண்டும்.

பொருட்களை எறிவதில் கவனம் தேவை. ஒரே ஆட்டத்தில் ஒருவர் மூன்று கோல் அடித்தால் தொப்பியை எறியலாம், அதைத் தடுக்க மாட்டார்கள். கரடி பொம்மைகளை எறியும் 'டெடி பேர் டாஸ்' இரவில், வீட்டு அணியின் முதல் கோலுக்குப் பொம்மைகள் மழையாகப் பொழியும், பிறகு குழந்தைகளுக்குப் போய்ச் சேரும். கனடாவின் காம்லூப்ஸில் 1993 டிசம்பரில் தொடங்கிய இந்தப் பழக்கத்தைப் பல கல்லூரி கிளப்புகளும் எடுத்துக்கொண்டன. அறிவிக்கப்படாத எறிதல் வேறு விஷயம். என்.சி.ஏ.ஏ.வில் கார்னெல் மாணவர்கள் ஹார்வர்டு அணியின் மேல் மீன்களை எறிவது 1970-களிலிருந்து வரும் வழக்கம். ஹார்வர்டுக்காரர் ஒருவர் 1973-ல் கோழியை எறிந்து வம்பிழுத்ததற்குப் பதிலடி அது. அங்கேயே, எச்சரித்த பிறகும் எறிந்தால் சொந்த அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை விழும். பகை ஆட்டத்தில் ரசிகர் ஒருவர் தன் அணியை ஆள் குறைவாக ஆடவைப்பது மன்னிக்கக் கூடியதல்ல. பனியில் ஒட்டிய மீன் செதிலோ ரொட்டித் துண்டோ ஸ்கேட்டின் கத்தியில் மாட்டினால் முழங்கால் போய்விடும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

தூரத்திலிருந்து பின்தொடர்வது

வீரர்களின் பெற்றோரும் பழைய மாணவர்களும் நம்பியிருப்பது நேரலையை. பெரும்பாலும் ஒரே கேமரா, மைதானத்தின் நடுக்கோட்டுக்கு மேலே, மாணவர்களே வர்ணனையாளர்கள். கேமரா பக்கத்துச் சுவரோரம் பக் போனால் திரையில் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். எழுத்து ஸ்கோரை மட்டும் பார்ப்பவர்கள் 'ஷாட் ஆன் கோல்' எண்ணிக்கையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கோலுக்குள் போயிருக்க வேண்டிய அடியை மட்டும்தான் எண்ண வேண்டும், ஆனால் தன்னார்வலர்கள் கம்பத்தில் பட்டதையும் வெளியே போனதையும் சேர்த்துவிடுவது உண்டு. பெனால்டி நிமிடங்கள் இதைவிட நம்பகமானவை, ஏனென்றால் அவை நடுவரின் கையெழுத்துத் தாளிலிருந்து வருகின்றன.

தேசியப் போட்டிக்கு யார் போவார்கள் என்பதில் கணினித் தரவரிசைக்குப் பெரும் பங்கு. வெற்றி தோல்வியோடு எதிரணியின் பலமும் கணக்கில் வரும். பலவீனமான அணியை 8-0 என்று வெல்வதைவிட, பலமான அணியோடு போராடி வெல்வது எடை கூடியது. இரு ஊர் அணிகளில் ஒன்று அந்த ஆண்டு தடுமாறிக்கொண்டிருந்தால் மற்றதற்குத்தான் தலைவலி: வென்றால் பெரிதாக ஏறாது, தோற்றால் சரசரவென்று இறங்கும். மார்ச் தேசியப் போட்டிக்கு முன்பு, ஜனவரி, பிப்ரவரியில் வரும் கடைசி மோதலில் மேல் இடத்து அணி பதற்றத்தோடு ஆடுவது இதனால்தான். கீழ் இடத்து அணிக்கு இழக்க எதுவும் இல்லை. எதிரியின் சீசனைக் கெடுப்பதே அவர்களுக்குப் பட்டம் மாதிரி.

இரண்டு இரவுகளில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் சனிக்கிழமைக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை யார் யாரை எப்படி மோதினார்கள் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும், தடை வாங்கியவர்கள் கோட் சூட்டோடு கேலரியில் உட்கார்ந்திருப்பார்கள், பல அணிகள் இரண்டாவது கோல்கீப்பரை இறக்கும், கால்கள் களைத்திருப்பதால் கடைசிப் பத்து நிமிடத்தில் இடைவெளிகள் திறக்கும். ஆனால் அணிகளுக்குக் கேலரி காலியாகத் தெரிவது வெள்ளிக்கிழமைதான். அந்த வாரம் உங்கள் அணிக்கு உதவ வேண்டும் என்று நினைத்தால் வெள்ளிக்கிழமை டிக்கெட்டை வாங்கி, முதல் இடைவேளைக்குள் குலுக்கல் சீட்டும் எடுத்துவிடுங்கள். விற்பனை வழக்கமாக இரண்டாவது பீரியடின் நடுவில் மூடிவிடும்.